எட்டிப் பார்த்தவள்

"இந்தம்மாவுக்கு வேற வேலையே இல்லையா?"

தையலக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கையில் ஃபோன், வீடியோ காலில் வீட்டுக்காரர். முதுகுக்குப் பின்னால் கேன்டீன்கார அம்மா, டீத் தட்டோடு நின்று கழுத்தை நீட்டி எட்டிப் பார்க்கிறாள்!

காலையிலும் இப்படித்தான் ஃபோனை எட்டிப் பார்த்தாள். ஒரு காலத்தில் இந்தத் துணி மில் ஊதிய சங்குக்குத்தான் ஊரே எழுந்ததாம். இப்போது மில்லை மூடி, சுற்றிப் பார்க்கிற இடமாக்கிவிட்டார்கள். வந்தவர்களுக்காக ஒரே ஒரு தறியை ஓட்டிக் காட்டினார்கள். அதற்கே காது அடைத்துப்போயிற்று. அந்த இரைச்சலில், கூடத்தின் இந்தக் கோடியிலிருந்து கேன்டீனம்மா வாயைக் கோணிக் கோணி என்னமோ சொல்ல, அந்தக் கோடியில் வாட்ச்மேன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

'என்னைப் பத்தித்தான் நக்கல்' என்று தையலக்கா அப்போதே முடிவு கட்டிவிட்டாள்.

இருக்கட்டும். இவர்களோடு மல்லுக்கட்டவா இவ்வளவு தூரம் வந்தாள்?

இரண்டு பேரும் சேர்ந்து வந்திருக்க வேண்டிய ஊர் இது. "உன் மெஷின்ல ஓடுற துணி எங்க பொறந்துச்சுன்னு கூட்டிட்டுப் போய்க் காட்டுறேன்" என்று கல்யாணம் ஆனதிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார். போன வருஷம் அவருக்குத் தொண்டையில் ஆபரேஷன். உயிர் தங்கியது, குரல் போயே போய்விட்டது.

எழுதிக் காட்டச் சொன்னால் சிலேட்டைத் தூக்கி எறிவார். வீம்பு! பேசுகிற மாதிரியே மளமளவென்று வாயை அசைப்பார். இவளுக்குப் புரியாது. அவருக்கு மூஞ்சி சிவக்கும். இவளுக்கு அழுகை வரும். வீட்டில் தினமும் இதே கூத்து.

அப்படிப்பட்டவர் தானே டிக்கெட் எடுத்து அவள் கையில் திணித்து, துணைக்குத் தன் அக்காவை வரவழைத்துக்கொண்டு, போய்ட்டு வா என்று தள்ளாத குறையாக அனுப்பினார். அவர் ஆசைப்பட்ட ஊராயிற்றே, ஒரு செங்கல் விடாமல் காட்டிவிட வேண்டும் என்று நேற்றிலிருந்து ஃபோனை முன்னால் நீட்டிக்கொண்டே நடக்கிறாள்.

"இதோ பாருங்க, ஜன்னல் வழியா தெரியுதா? நீங்க சொல்வீங்களே, அந்தப் பெரிய புகைபோக்கி. இந்தப் பக்கம் பாருங்க, தறி. எம்மாம் பெருசு!"

திரையில் அவர் தலையை ஆட்டினார். கையை உதறினார். கன்னத்தைத் தட்டித் தட்டிக் காட்டினார். உதடு படபடத்தது.

"என்னங்க? ஒண்ணும் புரியலையே."

அங்கே ஃபோனைப் பிடித்திருந்த நாத்தனாரின் குரல் வந்தது. "நேத்திலேர்ந்து இதே ரகளைதான். நீ கூப்பிட்டாலே கன்னத்தைத் தட்டுறான். சரி, தாடி அரிக்குது போலன்னு ஷேவ் பண்ணிவிடப் போனா என் கையைத் தட்டிவிடுறான்."

"நான் பண்ணிவிட்டாதான் ஒத்துப்பார் அண்ணி."

அதற்குள் அவரே எரிச்சலோடு கையை நீட்டி ஃபோனை அணைத்துவிட்டார்.

தையலக்கா பெஞ்சில் உட்கார்ந்தாள். நாளைக்குப் பார்க்க நூற்பாலை பாக்கி, பழைய தொழிலாளர் குடியிருப்பு பாக்கி. பார்த்து என்ன ஆகப்போகிறது? குரல் போன மனுஷனைத் தவிக்க விட்டுவிட்டு ஊர் சுற்ற வந்தாயே, உனக்கே நியாயமா? பையை எடுத்தாள். சாயங்கால ரயிலையே பிடித்துவிடலாம்.

"கிளம்பாதீங்கம்மா. அவர் கோவமா இல்ல."

கேன்டீனம்மாதான்.

"உங்களுக்கு என்ன தெரியும்? அடுத்தவங்க ஃபோனை எட்டிப் பார்க்கிறது என்னங்க பழக்கம்?"

"தப்புதாம்மா. ஆனா பழகிப்போச்சு." கேன்டீனம்மா தட்டைக் கீழே வைத்தாள். "இதே கூடத்துல தறி ஓட்டினவ நான். அத்தனை தறியும் ஓடுறப்போ பக்கத்துல நின்னு கத்தினாலும் கேக்காது. உதட்டைப் பார்த்துதான் எங்க பேச்சே. ஊர்வம்பு, வீட்டுச் சண்டை, மேஸ்திரியைத் திட்டுறது, எல்லாமே அப்படித்தான். அந்த வாட்ச்மேன் அப்போ பக்கத்துத் தறி. இன்னிக்கும் எங்கயாவது உதடு அசைஞ்சா கண்ணு தானா அங்க போயிடுது."

தையலக்கா பையைப் பிடித்தபடியே நின்றாள்.

"அப்போ காலையில என்னைப் பார்த்துச் சிரிச்சது?"

"ஐயோ, உங்களைப் பார்த்து இல்லம்மா! 'பாவம், அவர் கேக்குறது அந்தம்மாவுக்குப் புரியல, போய்ச் சொல்லிடட்டுமா'ன்னு கேட்டேன். 'போ, நல்லா உதை வாங்குவே'ன்னு சிரிச்சான்."

"என்ன... என்ன கேக்குறார்?"

"நேரா சொல்லிடுறேன், கோவிச்சுக்காதீங்க." கேன்டீனம்மா குரலைத் தாழ்த்தினாள். "'தறியும் புகைபோக்கியும் போதும்டி. கிளம்பிப் போனதுலேர்ந்து ஒரு தடவைகூட உன் மூஞ்சியைக் காட்டலையே'ங்கிறார்."

தையலக்கா மறுபடி ஃபோன் போட்டாள். இந்தத் தடவை கேமராவைத் தன் பக்கம் திருப்பினாள். கலைந்த தலை, சிவந்த மூக்கு, வழிகிற கண்.

அங்கே கன்னத்தைத் தட்டத் தூக்கிய கை அப்படியே நின்றது. கண் கொட்டாமல் பார்த்தார். அப்புறம் சிரித்தார். உதடு மெள்ள, மெள்ள அசைந்தது.

என்ன சொல்கிறார் என்று கேட்க தையலக்கா ஆவலாக நிமிர்ந்தாள்.

அவ்வளவு நேரம் எட்டி எட்டிப் பார்த்த கேன்டீனம்மா, சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டிருந்தாள்.

"இதை நான் பார்க்க மாட்டேம்மா. உங்களுக்கே புரியும்."