முடித்தவர் பெயர்

இந்தக் காலத்தில் எவனும் வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேட்பதில்லை, போனைப் பார்த்தே நம்பிவிடுகிறான். எங்கள் உப்பள முதலாளி விஜயகுமாரின் மகள் அஸ்வினி, ஆட்கள் போனிலேயே பார்க்கும்படி கம்ப்யூட்டரில் ஒரு பலகை செய்தாள். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு சீட்டு. வேலை முடிந்தால், முடித்தவர் பெயரோடு சீட்டு 'முடிந்தது' பக்கம் போய்விடும்.

போன கோடையில் மோட்டார் வயரை மாற்றாமலே முதலாளி அந்தச் சீட்டை 'முடிந்தது' பக்கம் தள்ளிவிட்டார். அதை நம்பி மோட்டாரைத் தொட்ட என் மகன் அருண்ராஜ் ஷாக் அடித்துச் செத்தான். குடித்திருந்தான் என்று முதலாளி ஊரெல்லாம் பொய் சொன்னார்.

அஸ்வினி அவன் பெயரைப் பலகையிலிருந்து எடுத்துவிட்டாள். ஆனாலும் வயர் சீட்டு தினமும் காலையில் 'முடியாதது' பக்கத்துக்கே திரும்பி வந்தது.

"அழிச்சாலும் வருதுப்பா," என்று அவள் முதலாளியிடம் அழுதாள்.

ஆட்கள் மோட்டார் பக்கமே போகவில்லை. பாத்தியெல்லாம் தண்ணீரில்லாமல் காய்ந்தது. இன்று முதலாளியே புது வயரோடு மோட்டார் கொட்டகைக்குள் போனார்.

"யோவ் சிகாமணி, மெயின ஆஃப் பண்ணியாச்சா?"

நான் போனைத் திறந்து எழுத்துக்கூட்டிப் படித்தேன். 'மெயினை நிறுத்துவது' சீட்டு 'முடிந்தது' பக்கம் இருந்தது. முடித்தவர் அருண்ராஜ்.

"முடிஞ்சிடுச்சுன்னு போர்டுல இருக்குதுங்க."

"அப்புறம் என்னய்யா!" என்றார்.

தூரத்தில் ரோட்டோரம், மெயின் பெட்டியில் கரண்ட் இருப்பதைக் காட்டும் சிவப்பு பல்ப் எரிந்துகொண்டிருந்தது. அந்தப் பலகையை நான் என்றைக்கும் நம்பியதில்லை. போனை மடியில் செருகிக்கொண்டு, வரப்பில் மெயின் பெட்டிக்கு எதிர்ப்பக்கம் நடந்தேன்.