இரண்டு ஆள் சுமை

இடது கைச் சுண்டு விரல் உடைந்திருக்கிறது என்று அவள் மறுபடியும் சொன்னாள்.

ஃபோனின் அந்தப் பக்கம் இருந்த சிலைக் கம்பெனிப் பெண் பொறுமைசாலி. படம் அனுப்பச் சொன்னாள். அவள் அனுப்பினாள்.

சிலை கூடத்தின் நடுவில் நின்றது. சிறகு முளைத்த போர்வீரன், அவளைவிட ஒரு சாண் குள்ளம். ஏதோ வீடியோ கேமில் வருகிறவனாம். பெட்டியின் மேல் அவன் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது. அவள் அதைப் படிக்க மெனக்கெடவில்லை.

இந்த மாதிரிச் சிலைகளைச் சேர்க்கிறவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். கண்ணாடி அலமாரி செய்து, உள்ளே விளக்குப் போட்டு, பச்சைக் குழந்தையைத் துடைப்பதுபோல் துடைத்து வைப்பார்கள். அவர்கள் ஓயாமல் புலம்புவது அனுப்பும் கூலியைப் பற்றித்தான். எடைக்கு மட்டும் வாங்கினால் பரவாயில்லை, பெட்டி அடைத்துக்கொள்ளும் இடத்துக்கும் சேர்த்து வாங்குகிறார்கள். பெட்டியில் பாதி வெறும் காற்று. காற்றுக்குக் கூலி கொடுத்துவிட்டு வயிறெரிவார்கள்.

அவளுக்கு வயிறு எரிந்ததே இல்லை. கேட்ட கூலியை மறுபேச்சில்லாமல் கட்டிவிடுவாள். மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கிற தாளை மொழிபெயர்ப்பது அவள் வேலை, வீட்டிலிருந்தே செய்வது. சம்பளம் நன்றாகவே வந்தது. செலவழிக்கத்தான் வீட்டில் ஆளில்லை.

இப்போது அவளுக்கு வேண்டியது ஒன்றுதான். உடைந்த சிலையை எடுத்துக்கொண்டு போக ஆள் வர வேண்டும். முன்பு வாங்கிய சிங்கத்தலை ராட்சசனின் வால் உடைந்தபோது மறுவாரமே வந்து எடுத்துப் போனார்கள். அதற்கு முன்னால் ஒரு டிராகனுக்குக் காது போயிருந்தது. அதையும் எடுத்துப் போனார்கள்.

"உங்களுக்குன்னு பாத்து எல்லாம் ஒடஞ்சே வருது மேடம்," என்று அந்தப் பெண் பரிதாபப்பட்டாள்.

கீபோர்டைத் தட்டும் சத்தம் கேட்டது. பிறகு அந்தப் பெண்ணின் குரல் மலர்ந்தது, நல்ல செய்தி சொல்லப்போகிறவளின் குரல்.

"சிலையோட பணம் முழுசா வந்துரும் மேடம். அதைத் திருப்பி எடுத்துட்டு வர்ற கூலி சிலை விலையையே தாண்டுது. அதனால பெரிய சிலைய நாங்க இனிமே திருப்பி எடுக்கிறதில்ல. நீங்களே வச்சுக்கோங்க."

வேறு யாராக இருந்தாலும் துள்ளிக் குதித்திருப்பார்கள். அவளோ அவசரமாகக் குறுக்கிட்டாள்.

"கூலிய நான் கட்டிடுறேன். ஆள மட்டும் அனுப்புங்க."

 அதற்கு வழியில்லை என்று அந்தப் பெண் மெதுவாகச் சொன்னாள். சிலையைக் கொஞ்சம் திருப்பி வைத்தால் விரல் இல்லாதது தெரியவே தெரியாது என்று யோசனையும் சொல்லிவிட்டு ஃபோனை வைத்தாள்.

அவள் நாற்காலியில் உட்கார்ந்து, இவ்வளவு நேரம் மூடியிருந்த கையைத் திறந்தாள். உள்ளே சுண்டு விரல் இருந்தது. மேசைமேல், கணினிக்குப் பக்கத்தில், காலையில் எடுத்த இடுக்கி அப்படியே கிடந்தது. விரலை ஒடிக்கும்போது கொஞ்சம் பொறுத்துக்கொள் என்று போர்வீரனிடம் சொல்லியிருந்தாள். வாலுக்கும் காதுக்கும் அப்படித்தான் சொன்னாள்.

சின்னப் பெட்டி என்றால் வாசலில் வைத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். மணியடித்ததும் ஓடிவந்து கதவைத் திறந்தால் லிஃப்ட் கீழே இறங்கிக்கொண்டிருக்கும்.

பெரிய சிலையை அப்படி வைத்துவிட்டு ஓட முடியாது. இரண்டு பேர் தூக்க வேண்டும். வீட்டுக்குள் வர வேண்டும். பெட்டியைச் சுற்றி அடித்திருக்கும் மரச்சட்டத்தை ஆணி ஆணியாகப் பிரித்து, சிலையை நிறுத்தி, ஆடுகிறதா என்று பார்க்க வேண்டும். திருப்பி எடுக்க வந்தால் மறுபடியும் அத்தனை ஆணியையும் அடிக்க வேண்டும். தேநீர் கொடுத்தால் குடித்துவிட்டுத்தான் போவார்கள். சிலையின் பணம் எப்படியும் திரும்பி வந்துவிடும். கூலி வராது. அந்தக் கூலிக்கு இவ்வளவும் கிடைத்தது.

எப்போதும் அதே இரண்டு பேர்தான். நெட்டையன் வாயே திறக்க மாட்டான். குட்டையன் வாய் ஓயாது. போன முறை ஆணியைப் பிடுங்கிக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல் கேட்டான்.

"சாப்ட்டீங்களாக்கா?"

சும்மா கேட்டதுதான். போகிற வீட்டிலெல்லாம் கேட்பான். ஆனாலும் அன்றைக்கு முழுக்க அவள் சந்தோஷமாக இருந்தாள்.

போர்வீரன் இனி இங்கேயே இருக்கப்போகிறவன் ஆயிற்றே என்று, பசை தடவி விரலை ஒட்டினாள். காயும்வரை அவன் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

பிறகு கணினியைத் திறந்து, இருப்பதிலேயே பெரிய சிலையைத் தேடினாள். ஏழு தலைப் பாம்பு ஒன்று இருந்தது. அனுப்பும் கூலியைப் பார்த்தால் யாருக்கும் தலை சுற்றும். 'இருவர் வந்து வீட்டுக்குள் வைத்துத் தருவார்கள்' என்ற வரியை மட்டும் சரிபார்த்துக்கொண்டு அவள் பணத்தைக் கட்டினாள்.

அளவு டேப்பை எடுத்து வந்து கூடத்தை அளந்தாள். படுக்கையறையை அளந்தாள். கட்டிலைச் சுவரோடு ஒட்டித் தள்ளிப் பார்த்தாள்.

பாம்பு வந்த பிறகும் இன்னும் இரண்டு சிலைக்கு இடமிருக்கும். நெட்டையனும் குட்டையனும் இன்னும் மூன்று முறை வருவார்கள்.