மாமியாருக்கு உண்டு, பங்காளிக்கு இல்லை

"பங்காளி செத்தா பைசா கிட்டாது, சித்தப்பா."

சொன்னவன் நெல்லையப்பன். டிராவல் இன்ஷூரன்ஸ் விற்கிறவன். சித்தப்பா அனந்தபத்மநாபனின் முக்திநாத் யாத்திரைக்குப் பாலிசி போட்டுக் கொடுத்தவனும் அவன்தான். இன்று சாயங்காலம் கூப்பிடாமலேயே வலியசாலை வீட்டுக்கு வந்தவனை, செருப்பைக் கழற்றுவதற்குள் சித்தப்பா கேள்வி கேட்டுப் பிடித்துக்கொண்டார்.

"அது இருக்கட்டும். நான் இப்ப வந்தது..."

"இருடா. யாத்திரையைக் கேன்சல் பண்ணினா, யார் செத்தா பைசா கிட்டும்? முழுசாச் சொல்லு."

"ஆம்படையாள், குழந்தைகள், அப்பா, அம்மா, கூடப் பிறந்தவா. அப்புறம் மாமனார், மாமியார்."

"மாமியார் போனா எனக்கு மூணு நாள் தீட்டு. பங்காளி போனா பத்து நாள். மூணு நாளுக்கு உண்டு, பத்து நாளுக்கு இல்லையாக்கும்?"

"பாலிசி எழுதினவனுக்குத் தீட்டு தெரியாது, சித்தப்பா."

அனந்தபத்மநாபன் ஆடிட் ஆபீஸராக இருந்து ரிடையரானவர். ஒரு கட்டுக் கீரை வாங்கவே பத்துக் கேள்வி கேட்பார். ஆசாரத்தில் அதைவிடக் கெட்டி. காசிக்குக் கிளம்பின வருஷம் ஒரு பங்காளி போய்ச் சேர்ந்தார். பத்ரிநாத்துக்குக் கிளம்பினபோது இன்னொருவர். தீட்டோடு க்ஷேத்திரத்துக்குப் போகக் கூடாது என்று இரண்டு தடவையும் யாத்திரையை நிறுத்தினார். இரண்டு தடவையும் கட்டின பெட்டியைப் பிரித்து, புடவைகளைத் திரும்ப அலமாரியில் அடுக்கியவள் ஸ்ரீலட்சுமி சித்தி.

மூன்றாவது பெட்டி இப்போது கூடத்தில் நின்றுகொண்டிருந்தது. நாளைக் காலையில் விமானம்.

"இந்தத் தடவை நான் விடறதா இல்லை, கேட்டியா," என்று சித்தி கையில் தட்டோடு வந்தாள். "காதுல விழுந்தாத்தானே தீட்டு? ரெண்டு பேர் ஃபோனையும் அணைச்சு பீரோவுல வச்சுப் பூட்டிட்டேன். யார் போனாலும் திரும்பி வந்து அழுதுக்கறேன். இந்தா, பழவங்காடிப் பிள்ளையார் பிரசாதம். உண்ணியப்பம் எடுத்துக்கோ."

"வேண்டாம் சித்தி. சுகர்."

"போன வாரம் ஆறு தின்னியே?"

"அதனாலதான் சுகர்."

"இவரும் காலம்பறலேர்ந்து தொடலை. வயிறு சரியில்லையாம்." சித்தி தட்டைக் கீழே வைத்தாள். "அது போகட்டும், கரமனையில உங்க தாத்தா சௌக்கியம்தானே?"

நெல்லையப்பனின் தாத்தா, சித்தப்பாவுக்குப் பெரியப்பா. இருக்கிற பங்காளிகளில் மூத்தவர். இரண்டு வருஷமாகப் படுத்த படுக்கை.

நெல்லையப்பன் பெட்டியைப் பார்த்தான். பிறகு சித்தியின் முகத்தைப் பார்த்தான்.

"அப்படியே படுத்துண்டிருக்கார், சித்தி. ஒரு தொந்தரவும் இல்லை."

"அது போறும். நாங்க வர்ற வரைக்கும் அப்படியே இருக்கட்டும்."

சித்தப்பா தொண்டையைக் கனைத்தார். "எனக்கு ஜுரம் வந்தா?"

"டாக்டர் சர்டிபிகேட் இருந்தா கிட்டும்."

"எனக்கு ஜுரம். இவளுக்கு இல்லை. இவ டிக்கெட் நிக்குமா?"

"நிக்கும். சித்தி தாராளமாப் போகலாம்."

"டூர்க்காரா இவளைத் தனியா விடுவாளா?"

"டூர்ல சித்தியோட தங்கையும்தானே வர்றா? விடுவா."

"ஜுரமும் இல்லை, சாவும் இல்லை. எனக்கே மனசு மாறிப்போய் நான் போகலைன்னா?"

"அதுக்கு ஒரு பைசா கிட்டாது. மனசு மாறறதுக்கு யாரும் இன்ஷூரன்ஸ் குடுக்க மாட்டா."

ஸ்ரீலட்சுமிக்குக் கண் நிறைந்துவிட்டது.

"பார்த்தியா நெல்லையப்பா? போகாம இருக்க வழி தேடறார். ஊர்ல எவனும் சாகலைன்னதும் இவருக்கே ஜுரம் வரப்போறதாம். எனக்கு அறுபத்திரண்டு ஆச்சு. சாமியை இனிமே காலண்டர்லதான் பார்க்கணும்னா இப்பவே சொல்லிடச் சொல்லு. பெட்டியைப் பிரிக்க எனக்கு நன்னாத் தெரியும்."

சித்தி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுக்களைக்குள் போனாள். பாத்திரங்கள் கொஞ்சம் சத்தமாகவே விழுந்தன.

நெல்லையப்பன் எழுந்தான். சொல்ல வந்ததைச் சொல்லாமலே செருப்பை மாட்டிக்கொண்டு, ஸ்கூட்டரைத் தெருவில் தள்ளிக்கொண்டு நடந்தான். அனந்தபத்மநாபனும் கூடவே வந்தார். கோயில் மதிலருகே நெல்லையப்பன் அவர் பக்கம் திரும்பினான்.

"சித்தப்பா, பொய் ஜுரத்துக்குச் சர்டிபிகேட் வாங்கி கிளெய்ம் போட்டுடாதீங்கோ. கம்பெனி கண்டுபிடிச்சுடும். என் வேலையும் போயிடும்."

"உன் கம்பெனிகிட்ட யார் பொய் சொல்லப்போறா? ஜுரம்னு உன் சித்திகிட்டதாண்டா சொல்லப்போறேன். என் டிக்கெட் பைசா போனாப் போறது."

நெல்லையப்பனுக்கு ஒன்றும் புரியவில்லை. ஸ்கூட்டரை ஸ்டாண்டு போட்டு நிறுத்தினான்.

அனந்தபத்மநாபன் வீட்டுப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"காலம்பற பால் வாங்கப் போன இடத்துலயே என் காதுல விழுந்துடுத்து. அவ காதுல இன்னும் விழலை. நாளைக்கு அவளை ஃப்ளைட் ஏத்திவிட்டு நேரா கரமனைக்கு வந்துடறேன்; அதுவரைக்கும் உங்க தாத்தாவை எடுக்க வேண்டாம்னு அப்பாகிட்ட சொல்லு."