நீண்டுபோன நைட்டி

“அம்மா வந்துட்டா. திரும்பாதே” என்றாள் அக்கா, தையல் மெஷினை மிதிப்பதை நிறுத்தாமல்.

தங்கை திரும்பிப் பார்த்தாள். வெளியே இருட்டிக்கொண்டிருந்தது. அவள் நின்ற இடத்திலிருந்து ஜன்னல் கண்ணாடியில் விளக்கு வெளிச்சம் மட்டும்தான் தெரிந்தது.

அம்மா இறந்து மூன்று வருஷமாகிறது. கூன் விழுந்த முதுகோடு குளியலறையில் வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து படுத்தவள் எழுந்திருக்கவே இல்லை.

“நான் மெஷின்ல உட்கார்ந்தா போதும், அந்த ஜன்னல்ல வந்து நின்னுக்கிறா. என்னைக் கூட்டிட்டுப் போகத்தான். தைக்க வந்த துணியெல்லாம் திருப்பிக் கொடுத்துட்டேன். இது ஒண்ணுதான் பாக்கி.”

“உளறாதே அக்கா.”

அக்கா எழுந்து வந்தாள். நைட்டியின் ஓரம் தரையைக் கூட்டியது.

“ஊருக்கெல்லாம் அளவெடுக்கிற. உனக்கு இப்படியா தைப்பே?”

“என் அளவுக்கு வெட்டி வச்ச பழைய பேப்பரை வச்சுத்தான் தைச்சேன். துணி நீண்டுபோச்சு.”

“துணி சுருங்கும்னு கேள்விப்பட்டிருக்கேன். நீளுமா?”

கேட்டவள் சிரிக்கவில்லை. அக்காவின் கழுத்திலிருந்த டேப்பை உருவி, அவளைக் கதவோரம் நிறுத்தி அளந்தாள். பழைய உயரத்தைவிட அக்கா நாலு விரற்கடை குறைந்திருந்தாள்.

சோதனைகள் முடிந்ததும் டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்தார்.

“முதுகெலும்பு அங்கங்க நசுங்கியிருக்கும்மா. அதான் கூன். ரத்தத்துல கால்சியத்தை அளவா வைக்கிற ஹார்மோன் ஒண்ணு நம்ம கழுத்துல சுரக்குது. அதே மாதிரி மருந்துதான் இந்தப் பேனா ஊசியில இருக்கு. தினமும் தொடையில போட்டுக்கங்க, எலும்பு புதுசா வளரும். ஆரம்பத்துல தலை சுத்தலாம், உட்கார்ந்துகிட்டே போடுங்க.”

அன்று சாயங்காலம் தங்கை விளக்கைப் போட்டு, அக்காவை ஜன்னல் முன்னால் நிறுத்தினாள். கண்ணாடியில் கூன் விழுந்த உருவம் ஒன்று தெரிந்தது. அக்கா தங்கையின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

“இன்னொரு கையைத் தூக்கு.”

உருவமும் கையைத் தூக்கியது.

“பாத்தியா? அம்மாவும் இல்ல, பேயும் இல்ல. கூன் விழுந்த உன்னை நீயே பாத்ததில்ல. இந்த வீட்டுல இருக்கிற கண்ணாடி உள்ளங்கை அகலம். அதுல முகம் தெரியறதே பெரிசு.”

அக்கா சிரித்தாள். பிறகு கொஞ்சம் அழுதாள். “அப்படியே அம்மாவை உரிச்சு வச்சிருக்கேன்டி. திருப்பிக் கொடுத்த துணியையெல்லாம் எந்த முகத்தை வச்சுக்கிட்டு மறுபடி கேக்கறது?”

“கூன் விழுந்த முகத்தை வச்சுக்கிட்டுதான். வா, உட்காரு.”

அக்கா மெஷின் முன்னால் உட்கார்ந்து, நைட்டியை முழங்காலுக்கு மேலே இழுத்துக்கொண்டாள். “மெதுவாப் போடு. வலிச்சா உன்னைத்தான் திட்டுவேன்.”

தங்கை தரையில் மண்டியிட்டாள். ஊசியைத் தொடையருகே கொண்டுபோனவள் தற்செயலாக ஜன்னலைப் பார்த்தாள். கை பாதியில் நின்றது.

“என்னடி, நீ பயப்படறே?”

கண்ணாடியில் தெரிந்த கூன் உருவத்திலிருந்து கண்ணை எடுக்காமல் தங்கை மெல்லக் கேட்டாள்.

“அக்கா, நீ உட்கார்ந்துதானே இருக்க?”