நாலாவது மாத்திரை

"விலை எவ்வளவு இருந்தாலும் பரவாயில்லை டாக்டர். இவளுக்கு ஒத்துக்கிற மாதிரி ஒரு மாத்திரை எழுதிக் கொடுங்க."

கணவர் தாராளமாகச் சொன்னார். விழுங்கப்போவது அவர் இல்லையே, தாராளத்துக்கு என்ன குறைச்சல்!

அவர் லிஃப்ட் மெக்கானிக். வேலையிலிருந்து நேராக வந்திருந்தார். சட்டைக் கையில் கிரீஸ் கறை. பக்கத்தில் மனைவி, தையல் வேலை செய்பவள். கருத்தடை மாத்திரையின் காலி அட்டைகள் மூன்றை டாக்டரம்மாவின் மேஜை மேல் வரிசையாக வைத்தாள்.

"ஒவ்வொண்ணா சொல்லுங்கம்மா. முதல் மாத்திரை என்ன பண்ணுச்சு?"

"நாள் முழுக்கக் குமட்டல் டாக்டர். பிள்ளை வேணாம்னு மாத்திரை போட்டா, அதுவே மசக்கை மாதிரி இருந்தா எப்படி?"

"ரெண்டாவது?"

"இருபது நாள் ரத்தப்போக்கு. மாசத்துல பத்து நாள்தான் மனுஷியா இருந்தேன்."

"மூணாவது நல்லாத்தானே இருந்துச்சு?" கணவர் இடையில் புகுந்தார்.

"உங்களுக்கு நல்லா இருந்துச்சு. டாக்டர், தலைவலி மண்டையைப் பிளக்குது. வலி வர்றதுக்கு முன்னாடி கண்ணுக்குள்ள கோணல்மாணலா வெளிச்சம் ஓடுது. போன வாரம் துணி எங்க, ஊசி எங்கன்னே தெரியல. விரலையும் சேர்த்துத் தச்சுட்டேன்."

கட்டுப் போட்ட விரலை நீட்டினாள். டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார்.

"இனிமே அந்த மாத்திரையைத் தொடாதீங்க. கண்ணுல இப்படி வெளிச்சம் ஓடி, அப்புறம் தலைவலி வர்றவங்களுக்கு அது பக்கவாதத்துலகூடக் கொண்டுபோய் விடலாம்."

 கணவர் விடவில்லை.

"அப்ப நாலாவதா ஒண்ணு..."

"இருக்கு. ஆனா ரெண்டாவது மாத்திரையோட வகைதான். மறுபடியும் இருபது நாள் படுவாங்க. காப்பர் டி வச்சும் ஒத்துக்கலைன்னு சீட்டுல எழுதியிருக்கே."

"அப்படின்னா இவளுக்குக் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனே பண்ணிடலாமே டாக்டர்?"

"ரெண்டு பிள்ளைக்கும் இவங்க வயித்தைத்தான் கிழிச்சோம். மூணாவது தடவையும் இவங்களேவா? உங்களுக்குப் பண்ணினா பத்து நிமிஷம். சின்ன ஓட்டை, தையல்கூட வேணாம். ரெண்டு நாள் ஓய்வு, ஒரு வாரம் கனமா எதையும் தூக்கக் கூடாது. மூணு மாசம் கழிச்சு ஒரு டெஸ்ட். அதுல சரின்னு வர்ற வரைக்கும் ஆணுறை. அவ்வளவுதான்."

கணவரின் நாற்காலி தானாக ஒரு அடி பின்னால் போனது.

"டாக்டர், நான் ஏணி ஏறுற ஆளு. பலம் போயிடுச்சுன்னா?"

"உங்க பலம் அங்கயா இருக்கு?" என்றாள் மனைவி.

"நீ சும்மா இரு. கூட வேலை பார்க்கிறவனுங்களுக்குத் தெரிஞ்சா கிண்டல் பண்ணியே கொன்னுடுவானுங்க."

"கிண்டலால யாரும் செத்ததில்லை. பக்கவாதம் வந்தா அப்படிச் சொல்ல முடியாது," என்றார் டாக்டரம்மா.

மனைவி அட்டைகளைப் பொறுக்கிப் பைக்குள் போட ஆரம்பித்தாள். கட்டுப் போட்ட விரல் மட்டும் எதிலும் சேராமல் தனியாக நின்றது.

"விடுங்க டாக்டர். அந்த நாலாவதையே எழுதுங்க. பத்து நாளாவது மனுஷியா இருப்பேன்ல."

கணவர் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். தொண்டையைச் செருமினார்.

"யாரு பண்ணுவாங்க?"

"மாடியில இருக்கிற சர்ஜன். ஆயிரம் பேருக்கு மேல பண்ணியிருக்கார்."

"ஒரே ஒரு கேள்வி டாக்டர். லிஃப்ட்டைச் சரி பண்ணினா, முதல்ல நாங்கதான் உள்ள ஏறி மேலயும் கீழயும் போய்ப் பார்ப்போம். அப்புறம்தான் ஜனங்களை ஏத்துவோம். அறுந்தா எங்களோட போகட்டும்னு. ஆயிரம் பேரை ஏத்தி விட்டிருக்காரே, அந்த சர்ஜன் தானும் ஏறிப் பார்த்தாரா? ஆமான்னு சொல்லுங்க, இப்பவே கையெழுத்துப் போடுறேன். இல்லைன்னா மாத்திரையையே எழுதுங்க."

 டாக்டரம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

"ஏறிப் பார்த்தார். ரெண்டாவது குழந்தை பிறந்த மறுமாசமே பண்ணிக்கிட்டார்."

"நிஜமாவா?"

"கூட வேலை பார்க்கிறேன். எனக்குத் தெரியாதா?"

கணவர் படிவத்தை இழுத்துக் கையெழுத்துப் போட்டார். படிவத்தில் அவர் பெயரே கொஞ்சம் லிஃப்ட்டில் ஏறி இறங்கியது. மனைவி அவரை, இன்றுதான் பெண் பார்க்க வந்தவரைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

"அந்த சர்ஜனோட வீட்டுக்காரம்மா கொடுத்து வச்சவங்க டாக்டர்," என்றாள்.

"ஆமாம்," என்றார் டாக்டரம்மா, படிவத்தில் தேதி எழுதியபடி. "படியேறி இடது பக்கம் மூணாவது அறை."

"லிஃப்ட் இல்லையா?" என்றாள் மனைவி.

"இருக்கு. நான்தான் அதுல ஏற மாட்டேன். எவன் சரி பண்ணினானோ!" என்று கணவர் படியில் ஏறினார்.

அவர்கள் போனதும் டாக்டரம்மா மாடிக்குப் போன் செய்தார்.

"ஒருத்தரை அனுப்பியிருக்கேன். உங்களை ஒரு கேள்வி கேட்பார். ஆமான்னு மட்டும் சொல்லிடுங்க."

"ஆம்பளையா? அதிசயமா இருக்கே! சரி, சொல்லிட்டாப் போச்சு," என்று சிரித்த சர்ஜன், போனை வைக்கும் முன் குரலைத் தாழ்த்தினார். "நேத்து மாதிரி மறந்துடாம உன் மாத்திரையைப் போட்டுட்டியா? இந்த வயசுல மூணாவதா ஒண்ணுன்னா நம்ம பசங்களே நம்மளைப் பார்த்துச் சிரிப்பாங்க."