கேட்டுக்கு வெளியே நின்றவர்

"அந்த ஆளு இன்னைக்கும் வந்து நிக்கறானுங்கக்கா" என்றான் மாதப்பன்.

இன்பமேரி அரத்தை நிறுத்திவிட்டு ஜன்னல் வழியே பார்த்தாள். மூணு மணிக்கே பனிமூட்டம் இறங்கியிருந்தது. கேட்டுக்கு வெளியே அந்த வெள்ளைக்காரக் கிழவர் நின்றிருந்தார். எப்போது வந்தார், எந்தப் பக்கமிருந்து வந்தார், யாரும் பார்க்கவில்லை. பனி கொஞ்சம் விலகும்போது ஆள் இருப்பார். திரும்ப மூடி விலகினால் இருக்க மாட்டார்.

ஏற்காட்டிலிருந்து வாழவந்தி போகும் ரோட்டில் இருக்கிறது அந்தப் பட்டறை. நெடுந்தூரம் போகிற சைக்கிள்களுக்கு ஃபிரேம் செய்யும் இடம். அந்தச் சைக்கிள்களை வாங்கியவர்கள் பாலைவனத்திலிருந்தும் பனிமலையிலிருந்தும் போட்டோ எடுத்து அனுப்புவார்கள். மொத்தம் இருபத்தாறு பேருக்கு வேலை. மாதப்பன் குழாய்களை வெல்டிங் வைப்பான். இன்பமேரி அந்த இணைப்புகளை அரம் போட்டு வழவழப்பாக்குவாள்.

மாதக் கடைசியோடு எல்லாம் வியட்நாமுக்குப் போகிறது என்று கம்பெனி நோட்டீஸ் ஒட்டியது. அதற்கு மறுவாரம்தான் கிழவர் முதன்முதலில் தென்பட்டார்.

பேசுவதில்லை. உள்ளே வருவதில்லை. சுவரில் ஒரு உள்ளங்கையை வைத்தபடி பட்டறையையே பார்த்துக்கொண்டு நிற்பார்.

பெயிண்ட் அடிக்கும் சுகுணா, அது மனுசனே இல்லை, எப்பவோ செத்துப்போன எஸ்டேட் துரை என்று சொல்லிவிட்டு, அன்றிலிருந்து பின்வாசல் வழியாகவே வீட்டுக்குப் போனாள்.

இன்பமேரி அதையெல்லாம் நம்புகிறவள் இல்லை. ஆனால் அன்று ஒன்று நடந்தது.

அவள் மறுபடி அரம் போட ஆரம்பித்தாள். இரண்டு நீள இழுப்பு, பக்கவாட்டில் ஒரு சின்ன இழுப்பு. நிமிர்ந்தபோது கிழவரின் வெறுங்கை காற்றில் அசைந்துகொண்டிருந்தது. இரண்டு நீள இழுப்பு, பக்கவாட்டில் ஒரு சின்ன இழுப்பு.

அவள் நிறுத்தினாள். அந்தக் கையும் நின்றது.

முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தாள். அதற்குப் பிறகு அன்றைக்கு வேலை ஓடவில்லை.

மாதப்பனிடம் சொன்னதும் அவனுக்குச் சந்தேகம் பிடித்துக்கொண்டது. பேயும் இல்லை, பிசாசும் இல்லை, நம் வேலையைக் கொண்டுபோகிற கம்பெனியின் ஆள்தான் இவன், நம் கை போகிற விதத்தைப் பார்த்து மனப்பாடம் பண்ணுகிறான் என்றான். இங்கிலீஷில் நன்றாகப் பேசக்கூடிய சூப்பர்வைசர் ஜெப்சன், கணக்கு முடிக்கிற வேலையாகச் சென்னை போயிருந்தான். அதனால் மாதப்பனே கேட்டுக்குப் போய், யார் நீ என்று சைகையில் கேட்டான்.

கிழவர் உள்ளே கைகாட்டினார். பிறகு தன் நெஞ்சைத் தொட்டுக்கொண்டு, மெதுவாக, "மை ஃபிரேம்" என்றார்.

"என்னுதுங்கறான் பாருங்கக்கா" என்று மாதப்பன் திரும்பி வந்தான். சூடான குழாயை முக்கி எடுக்கிற வாளி நிறையக் கறுப்புத் தண்ணீர் இருந்தது. அதைத் தூக்கிக்கொண்டு போய், கேட்டுக்கு மேலாகக் கிழவர் தலையில் கொட்டினான்.

அந்தக் குளிரிலும் அவர் அசையவில்லை. கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார். அந்தச் சட்டையும் நனைந்துதான் இருந்தது. பிறகு மாட்டிக்கொண்டு, அதே மாதிரி பார்த்துக்கொண்டு நின்றார்.

மறுநாளும் வந்தார். அதற்கு மறுநாளும்.

கடைசி நாள் காலையில் மெஷின்களையெல்லாம் லாரியில் ஏற்றினார்கள். இருபத்தாறு பேரும் சுவரோரம் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். கடைசி லாரி கேட்டைத் தாண்டியதும் பனி அதை விழுங்கிவிட்டது. சத்தம் மட்டும் வளைவுக்கு வளைவு இறங்கிக்கொண்டே போய், அதுவும் அடங்கியது.

திறந்து கிடந்த கேட் வழியாகக் கிழவர் உள்ளே வந்தார்.

சுகுணா சிலுவைக்குறி போட்டுக்கொண்டாள். அவர் நேராக வந்து, ஈரத் தரையில், இன்பமேரிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். நகர்ந்துகொள்ள நினைத்தாள். ஆனால் நகரவில்லை. அவரும் மற்றவர்களைப் போலவே காலியான பட்டறையைப் பார்த்துக்கொண்டு இருந்தார்.

சென்னையிலிருந்து அப்போதுதான் வந்து சேர்ந்த ஜெப்சன், அவரைப் பார்த்துவிட்டு எதிரில் குந்தி உட்கார்ந்து விசாரித்தான். கிழவர் தணிந்த குரலில் நெடுநேரம் பேசினார். ஜெப்சன் ஒரு இடத்தில் தலையைக் குனிந்துகொண்டான்.

"என்னங்க சொல்றாரு?" என்றாள் இன்பமேரி.

"இவரும் ஃபிரேமுக்கு அரம் போட்டவருதானுங்கக்கா. இங்கிலாந்துல, முப்பது வருசம். ஒரு நாள் இதே மாதிரி மெஷினையெல்லாம் வேற நாட்டுக்குத் தூக்கிட்டாங்களாம். அன்னைக்கு வந்து கூட உக்கார ஒரு ஆளில்லையாம். இங்கயும் மூடறாங்கன்னு கேள்விப்பட்டு, நம்மகூட உக்காரலாம்னு வந்திருக்காரு."

மாதப்பன் தன் துண்டை எடுத்துக் கிழவரின் தோளில் போர்த்தினான். அவனால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. தாங்க மாட்டாமல் ஜெப்சன் பக்கம் திரும்பினான்.

"கேளுங்க ஜெப்சன். இவரு பொழப்புல மண்ணைப் போட்ட பாவிங்க எந்த ஊருக்காரனுங்கன்னு கேளுங்க."

ஜெப்சன் அதைக் கிழவரிடம் கேட்கவில்லை.

"நாமதானுங்கண்ணா" என்றான்.