படத்தில் வந்த வாய்

முதுகு விண்டுபோகிற மாதிரி வலித்தது. உப்பு மூட்டை இறக்கிய கையோடு சூசை ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்திருந்தான். சோற்றைக் கண்டாலே நடுங்கும் அவன் மகள் ரெனிட்டாவுக்கு அங்கேதான் ஓவிய சிகிச்சை.

கவுன்டர் பெண் சொன்னாள்: “அண்ணாச்சி, நேத்து அவ வரைஞ்ச முகத்துல முதல் தடவையா வாய் இருக்கு. படத்தைப் பாத்து முடிவு சொல்ற மெஷின், அவ குணமாயிட்டாள்னு வகுப்பை முடிச்சிட்டு.”

“படத்துல வாய் வந்துட்டு, சரி. அதுக்குள்ள ஒரு பருக்கை போச்சான்னு ஒங்க மெஷின் கேட்டுச்சா?”

“அதுக்குப் படம் மட்டும்தான் தெரியும்.”

“லாரிப் பலகையில மூட்டையோட பாதி ஏறினவன் காலுக்குக் கீழ பலகைய உருவுவியளா? ரெண்டு வருஷம் வரையணும்னு இங்க படம் சொல்லிக்குடுக்குற டீச்சரம்மா சொன்னாவ. இப்ப நாலு மாசந்தான் ஆச்சு.”

அவள் திரையைப் பார்த்தாள். சூசை கவுன்டர் மேல் இரு கைகளையும் ஊன்றினான்.

“எம் மவளுக்கு நீங்க இன்னும் இருபது மாச வகுப்பு பாக்கி வச்சிருக்கிய.”